ஜன்னல் வெட்டிய கைலி

என் மகளின் நோயை நான் முதலில் காதால்தான் அறிந்தேன்.

வசந்தி போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் நிறுவனத்தில் தட்டச்சு வேலை செய்தாள். மாலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி, கிள்ளானில் எங்கள் வரிசை வீடுகளின் முன்னால் நடந்து வருவாள். நான் முன்னறையில் பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருப்பேன். அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்துபோய்க் கதவைத் திறப்பேன். ஒரு மாலை செருப்புச் சத்தம் கேட்டும் நான் எழவில்லை. ஓர் அடி பலமாகவும் அடுத்த அடி இழுபட்டும் விழுந்ததால் வேறு யாரோ என்று இருந்துவிட்டேன்.

"அப்பா, கதவத் தொறக்க மாட்டீங்களா?" என்று வெளியிலிருந்து அவள் குரல் வந்தது.

செருப்பு அறுந்துவிட்டதா என்று கேட்டேன். "இல்லப்பா, தொடை இடுக்குல ஒரு வலி. நாள் பூரா உக்காந்தே இருக்கேன்ல, அதான்" என்றாள்.

அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. பள்ளிப் பருவத்தில் சிறுநீரக நோய் வந்து, முகமும் காலும் வீங்கிக் கிடந்தவள். ஸ்டீராய்டு (உடலின் எதிர்ப்பை அடக்கி வீக்கத்தைக் குறைக்கும் மருந்து) கொடுத்துத்தான் அவளைக் காப்பாற்றினார்கள். பல ஆண்டுகள் அதை விழுங்கினாள். சிறுநீரகம் பிழைத்தது. அந்த மருந்து உடலில் வேறு எங்கேனும் வேலை செய்யும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

கோலாலம்பூர் மருத்துவமனையில் எலும்பு அறுவை மருத்துவர் டாக்டர் டான் எக்ஸ்ரே படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிக் காட்டினார். தொடை எலும்பின் உச்சி பந்துபோல் உருண்டையாக இருக்க வேண்டும். வசந்தியின் இடது பக்கம் அது அமுங்கியிருந்தது. அவஸ்குலர் நெக்ரோசிஸ் (இரத்த ஓட்டம் நின்று எலும்பின் ஒரு பகுதி இறந்துபோவது) என்றார். மருந்தால் சரிப்படுத்தும் கட்டம் தாண்டிவிட்டது, இடுப்பு மூட்டையே எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு பொருத்த வேண்டும் என்றார்.

கிழவர்களுக்குச் செய்வதல்லவா அது என்று கேட்டேன். ஆமாம், பெரும்பாலும் அவர்களுக்குத்தான் என்று அவர் ஒத்துக்கொண்டார். பொய்யாக ஆறுதல் சொல்லாததால் அவரை எனக்குப் பிடித்தது.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். அறுவை சிகிச்சை நடக்கும் நாளுக்குத்தான் நாம் எல்லோரும் பயப்படுகிறோம். கோயிலுக்குப் போகிறோம், உறவினர்களுக்குச் சொல்கிறோம், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நிற்கிறோம். அந்த நாளை மருத்துவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு வரும் நாட்கள்தான் நம்முடையவை. இந்தக் கட்டுரை அந்த நாட்களைப் பற்றியது.

மூட்டு நல்லபடியாகப் பொருந்தியது. வசந்தியின் இடுப்போரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைக் கட்டு. அதன் அடியிலிருந்து ஒரு மெல்லிய குழாய், உள்ளே கசியும் இரத்தத்தை ஒரு புட்டிக்கு இழுத்துக்கொண்டிருந்தது. என் மனைவி கமலா அந்தப் புட்டியைப் பார்த்தாள். அடுத்த நிமிடம் வார்டு சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரத்தத்தைக் கண்டால் அவளுக்குக் கண் இருட்டும். அன்று அந்த வார்டில் முதலில் தண்ணீர் தெளிக்கப்பட்டது நோயாளிக்கு அல்ல, தாய்க்கு.

வார்டின் மிஸ்ஸி பிலோமினா எங்கள் ஊர்க்காரர். இங்கே தாதியரை 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுகிறோம். பருத்த உடம்பு, கழுத்தில் சிலுவை, வாய் ஓயாத பேச்சு. "ஆன்டி, கட்டில் ஒண்ணும் காலி இல்ல. மகளப் பாக்க வந்தீங்களா, மகளோட படுக்க வந்தீங்களா?" என்று கேட்டுக் கமலாவைத் தூக்கி உட்காரவைத்தார்.

தீபாவளிக்குச் சில நாட்களே இருக்கும்போது தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அறிவுரைகள் ஏராளம். தாழ உட்காரக் கூடாது. கால்மேல் கால் போடக் கூடாது. படுக்கும்போது இரண்டு காலுக்கும் நடுவே தலையணை இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இடுப்பை மடக்கிக் குனியக் கூடாது. குனிந்தால் புது மூட்டு தன் குழியிலிருந்து நழுவிவிடும். மேல்கட்டு நனையக் கூடாது. ஸ்டீராய்டை இன்னும் சிறிதளவு எடுத்துக்கொள்வதால் அவள் தோல் மெதுவாகத்தான் ஒட்டும் என்று டாக்டர் தனியாகச் சொன்னார்.

வாடகைக் காரின் பின்னிருக்கையில் அவளைச் சாய்த்துப் படுக்கவைத்து வந்தோம். பிரிக்பீல்ட்ஸ் வழியாக வரும்போது கடைவீதி முழுக்கத் தீபாவளிக் கூட்டம். "அப்பா, ஒரு நிமிஷம் நிப்பாட்டச் சொல்லுங்க. கண்ணாலயாவது பாத்துக்கிறேன்" என்றாள். காரை ஓரமாக நிறுத்தினோம். அவள் சாய்ந்தபடியே ஜன்னல் வழியே சேலைகளையும் பூக்கடையையும் பார்த்தாள். கமலா இறங்கிப் போய் மஞ்சள் நிறத்தில் தொளதொளவென்று ஒரு கவுன் வாங்கி வந்தாள். கட்டின்மேல் உரசாத புத்தாடை அது ஒன்றுதான் கிடைத்தது.

தீபாவளி விடியலில் எண்ணெய்க் குளியல் கிடையாது. கமலா அவள் உச்சியில் ஒரு சொட்டு நல்லெண்ணெயை மட்டும் வைத்தாள். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிட்டுக் கவுனை மாட்டிவிட்டாள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பல வீடுகளிலும் இருப்பதுதான். சாமி கும்பிட்ட பிறகு நான் நாற்காலியில் உட்காருவேன், கமலா பக்கத்தில் நிற்பாள். மகள் எங்கள் காலைத் தொட்டுக் கும்பிடுவாள். நான் அவள் நெற்றியில் திருநீறு பூசுவேன். இந்த ஆண்டு குனியக் கூடாது என்று மூவரும் முன்பே பேசி வைத்திருந்தோம். "நின்னுக்கிட்டே கும்புட்டுக்கிறேன்லா. முருகன் ஃபைன் போட மாட்டாரு" என்று அவளே சொல்லியிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். நான் எழுந்து, தட்டிலிருந்து திருநீறு எடுத்து அவள் நெற்றியில் பூசினேன். அவள் கண்ணை மூடினாள். பிறகு கை சட்டத்தை விட்டது. நினைவு தெரிந்த நாள்முதல் ஒவ்வொரு தீபாவளிக்கும் செய்ததை உடம்பு செய்தது. விரல்கள் என் பாதத்தைத் தொட்டன.

"வசந்தி!" என்று கமலா கத்தினாள்.

இருவரும் அவளைத் தாங்கி நிமிர்த்தினோம். "ஒண்ணும் இல்லம்மா, வலிக்கவே இல்ல" என்றாள். அவள் முகத்தில் வலியைவிட வெட்கம்தான் இருந்தது. நான் மூச்சு விட்டேன். அப்போது அந்த மஞ்சள் கவுனின் இடுப்போரத்தில் நாணய அளவுக்கு ஈரம் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளங்கை அளவுக்கு விரிந்தது. இரத்தம் கலந்த நீர்.

பக்கத்து வீட்டு மிசஸ் லோ தீபாவளிப் பலகாரத்துக்காக அந்நேரம் எங்கள் வாசலுக்கு வந்தார். கிள்ளான் சந்தையில் மீன் வியாபாரம் செய்பவர். ஆசிரியர் என்பதால் என்னை மலாயில் 'சிகு' என்றுதான் அழைப்பார். ஒரு பார்வையில் புரிந்துகொண்டு, பலகாரத்தைத் தொடாமலே வேனை எடுக்க ஓடினார். வேனில் மீன் கூடைகளைத் தள்ளிவிட்டு மெத்தை விரித்தோம். கோலாலம்பூர் சேரும்வரை அவர் ஒரு முறைகூட வேகமாகத் திருப்பவில்லை.

எக்ஸ்ரேயில் மூட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் தையல் பிரித்த கோட்டின் கீழ்முனை விட்டுப்போயிருந்தது. உள்ளே தேங்கியிருந்த நீர் அதன் வழியாக வந்திருக்கிறது. விடுமுறை நாளிலும் டாக்டர் டான் வந்தார். நீரை வெளியேற்றிக் கழுவினார். ஒரு பஞ்சுக் குச்சியால் உள்ளிருந்து ஈரத்தைத் தொட்டெடுத்துக் கல்ச்சருக்கு (கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பினார்.

தாழ்வாரத்தில் என்னிடம் நிதானமாகப் பேசினார். புண் மேலோடு இருந்தால் ஆறிவிடும். கிருமி ஆழத்துக்குப் போய் உலோகத்தில் ஒட்டிக்கொண்டால் சிக்கல். உலோகத்துக்குள் இரத்தம் ஓடாது, அதனால் மருந்தும் அங்கே சரியாகப் போய்ச் சேராது. அப்படியானால் புது மூட்டைக் கழற்றி எடுக்க வேண்டியிருக்கும். மறுபடி பொருத்த முடியுமா என்பதைப் பிறகுதான் சொல்ல முடியும். சோதனை முடிவு வரச் சில நாட்கள் ஆகும்.

கழற்றி எடுத்த பிறகு அவள் எப்படி நடப்பாள் என்று கேட்டேன். முதலில் முடிவு வரட்டும் என்று சொல்லி, அவர் எக்ஸ்ரே படத்தை உறைக்குள் போட்டார். 

மறுநாள் வீட்டுக்கு அனுப்பும் முன் டாக்டர் இன்னொன்றும் சொன்னார். அந்தச் சிறு திறப்பைத் தைக்கப் போவதில்லை, அடியிலிருந்து தானாக நிரம்பி வர வேண்டும். தினமும் அதைக் கழுவி உள்ளே துணி வைத்துக் கட்ட வேண்டும். இதற்காக அவளைத் தினமும் வண்டியில் ஏற்றி இறக்குவது இடுப்புக்கு நல்லதல்ல. வீட்டில் யாராவது கற்றுக்கொள்வீர்களா?

கமலா என்னைப் பார்த்தாள். நான் வசந்தியைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

பெண் பெரியவளான பிறகு தகப்பன் ஒதுங்கிப் போவது எங்கள் வீடுகளில் யாரும் சொல்லித் தராமலே நடக்கும். காய்ச்சல் வந்தால்கூட நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்ததோடு சரி. நான் எப்படி அந்த இடத்தைப் பார்ப்பது? ஆனால் கமலா இரத்தத்தைக் கண்டாலே விழுந்துவிடுவாள்.

"நான் கத்துக்கிறேன்" என்றேன்.

மிஸ்ஸி பிலோமினா கற்றுக்கொடுத்தார். கையைச் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவுதல். பழைய கட்டை மெதுவாக உரித்தல், ஒட்டிக்கொண்டால் உப்புநீரால் நனைத்து எடுத்தல். புதிய துணியை விரலால் தொடாமல் இடுக்கியால் எடுத்தல். நாடாபோல் நீளமான மெல்லிய துணியை உப்புநீரில் நனைத்துப் பிழிந்து, புண்ணுக்குள் தளர்வாக வைத்தல். திணிக்கக் கூடாது. ஒரு நுனி வெளியே தெரிய வேண்டும். மேலே உலர்ந்த துணி, அதன்மேல் காகிதப் பிளாஸ்டர்.

 புண்ணின் அடியில் தெரிந்த சிவப்பைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன்.

"ஏன் சார் நின்னுட்டீங்க?"

"ரொம்ப சிவப்பா இருக்கே மிஸ்ஸி."

"ஐயோ வாத்தியாரே! உங்க பள்ளிக்கூடத்துலதான் செவப்புன்னா தப்பு. இங்க செவப்புன்னா முழு மார்க். பச்சையா, சாம்பலா, நாத்தமா வந்தாத்தான் ஃபெயிலு. அப்ப உடனே தூக்கிட்டு வந்துடணும், சரியா?"

வலியிலும் வசந்தி சிரித்தாள். "மிஸ்ஸி, இவரு பாஸ் மார்க்கே குடுக்க மாட்டாருலா. முப்பது வருஷமா இப்படித்தான்."

வீட்டுக்கு வந்ததும் கமலா பீரோவிலிருந்து பழைய பாத்திக் (மெழுகும் சாயமும் கொண்டு பூ வரைந்த) கைலி ஒன்றை எடுத்தாள். துவைத்துத் துவைத்து மென்மையாகிப் போன பழுப்பு நிறக் கைலி. அதை வசந்தியின் மேல் போர்த்தி, கட்டு இருந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்தாள். பிறகு தையல் கத்தரியால் அங்கே நீள்சதுரமாக ஒரு ஜன்னல் வெட்டினாள். விளிம்பு பிரியாமல் சுற்றித் தைத்துக் கொதிநீரில் அலசி வெயிலில் போட்டாள். 

மறுநாள் காலை வசந்தி அந்தக் கைலியைப் போர்த்திக்கொண்டு வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்தாள். ஜன்னல் வழியே கட்டு மட்டும் தெரிந்தது. கமலா தலைமாட்டில் உட்கார்ந்து, எனக்கு முதுகைக் காட்டியபடி மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கட்டிலோரம் முழங்காலிட்டேன். மூன்று பேருக்கும் அந்தத் துணி ஒரு வழி செய்து கொடுத்துவிட்டது. உங்கள் வீட்டில் இதே தயக்கம் இருந்தால் ஒரு பழைய கைலியை வெட்டத் தயங்காதீர்கள்.

டாக்டர் இன்னொரு நிபந்தனையும் போட்டிருந்தார். தோல் வளரப் புரதம் வேண்டும். முட்டை, மீன், கோழி எது முடியுமோ அது. தீபாவளிக்கு அடுத்த நாளோ எங்கள் வீட்டில் கந்தசஷ்டி விரதம் தொடங்கிவிட்டது. கமலாவுக்கு அந்த ஆறு நாளும் பாலும் பழமும்தான். வீட்டுக்குள் முட்டை ஓடுகூட வராது. திருமணமானதிலிருந்து ஓர் ஆண்டும் தவறியதில்லை.

நாங்கள் பருப்பும் தயிரும் போதாதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மிசஸ் லோ ஒரு பிளாஸ்டிக் வாளியோடு வந்து நின்றார். உள்ளே தண்ணீர் தெறிக்க உயிருள்ள ஹருவான், நம் விரால் மீன்.

"மக்கான் இனி. லூக்கா செப்பாட் பாயிக்" என்றார். இதைச் சாப்பிட்டால் புண் சீக்கிரம் ஆறும் என்று அதற்குப் பொருள். இந்த ஊரில் சீனர், மலாய்க்காரர், தமிழர் மூவரும் சண்டையில்லாமல் நம்பும் சில விஷயங்களில் அறுவைப் புண்ணுக்கு ஹருவான் என்பதும் ஒன்று. அதில் எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியாது. டாக்டரிடம் கேட்டபோது, மீன் மீன்தான், நல்ல புரதம், கொடுங்கள் என்றார்.

கமலா வாளியைப் பார்த்தாள். சாமி அலமாரியைப் பார்த்தாள்.

"வேணாம்மா. சஷ்டி முடியட்டும்" என்றாள் வசந்தி.

"நீ சும்மா இரு. முருகன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"என்னன்னு பேசுவீங்க?"

"எம் பிள்ள எந்திரிச்சு நடக்கணும், ஆறு நாளு மூக்கப் பொத்திக்கிட்டு இருங்கன்னு சொல்லுவேன்."

முதல் நாள் வீட்டுக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் மண்ணெண்ணெய் அடுப்பை வைத்துச் சமைத்தாள். மீனை வெட்டிக் கழுவுவது என் வேலையானது. விரதக்காரி பச்சை மீனைத் தொட மாட்டாள், கரண்டியால் கிளறுவதோடு சரி. இரண்டாம் நாள் நல்ல மழை. அடுப்பு உள்ளே வந்தது. கமலா சாமி அலமாரியின் சின்னத் திரையை இழுத்து மூடிவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி நின்று இஞ்சியும் மிளகும் போட்டுச் சாறு வைத்தாள். தான் குடிக்காத அந்தச் சாற்றின் உப்பை வாசனையிலேயே சரிபார்த்தாள். அது முடிந்ததும் குளித்துவிட்டு வந்து திரையைத் திறந்து விளக்கேற்றினாள்.

காத்திருந்த அந்த நாட்களில் நான் வேறு ஆளாகியிருந்தேன். பள்ளிக்கு விடுப்பு. காலையில் கட்டு மாற்றியதும் அடுத்த காலை எப்போது வரும் என்று இருக்கும். கட்டின்மேல் பழுப்பாக ஒரு புள்ளி தெரிந்தால் அதன் ஓரத்தைப் பேனாவால் சுற்றி வரைந்து, மாலையில் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். இதை மிஸ்ஸி சொல்லிக்கொடுத்திருந்தார். ஒரு நாளைக்கு ஒரு தடவை பார்க்கச் சொன்னார், நான் எப்போதும் பார்த்துக்கொண்டிருந்தேன். கொடியில் காயும் வெள்ளைத் துணியைப் பார்த்தாலும் கண் கறையைத் தேடியது.

"அப்பா, என் மூஞ்சியையும் கொஞ்சம் பாருங்க. இடுப்ப மட்டுமே பாக்குறீங்க" என்றாள் வசந்தி ஒரு நாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். பார்த்தேன். இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அவளும் அதே முடிவுக்குத்தான் காத்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சோதனை முடிவு வருவதற்கு முந்தைய காலை அது நடந்தது.

வழக்கம்போல் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். கைலியின் ஜன்னலைச் சரிசெய்து, பிளாஸ்டரை உரித்து, மேல்துணியை எடுத்தேன். ஒரு வாடை வந்தது.

முதலில் என் பிரமை என்று நினைத்தேன். உள்ளிருந்த நாடாத் துணியை இடுக்கியால் இழுத்தேன். மறுபடி அதே வாடை. கெட்டுப்போன ஈரத்தின் வாடை. நாத்தமா வந்தாத்தான் ஃபெயிலு. மிஸ்ஸியின் குரல் காதுக்குள் கேட்டது. புண்ணைப் பார்த்தேன். சிவப்பாகத்தான் இருந்தது. என் கண்ணை நான் நம்பவில்லை. உள்ளே, என் கண்ணுக்கு எட்டாத ஆழத்தில், அந்த உலோகத்தில் என்ன நடக்கிறது?  இடுக்கியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டேன்.

"என்னங்க?" என்றாள் கமலா, திரும்பாமலே.

நான் மறுபடி குனிந்து முகர்ந்து பார்த்தேன்.

"என்னங்க, சொல்லுங்க."

"வாடை வருது" என்றேன்.

கமலாவின் முதுகு விறைத்தது. அவள் உதடு முருகன் பெயரைச் சொல்லத் தொடங்கியது கேட்டது. நான் எழுந்து மிசஸ் லோவைக் கூப்பிடப் போனேன்.

"அப்பா, இங்க வாங்க" என்றாள் வசந்தி.

"அசையாத. நான் வேனுக்குச் சொல்லிட்டு வரேன்."

"வாங்கப்பா. கையக் காட்டுங்க."

வலது கையை அவள் முகத்தருகே நீட்டினேன். முகர்ந்து பார்த்தாள்.

"இது புண்ணு இல்ல. இது நீங்க. ரூமுக்குள்ள வந்ததுலேர்ந்தே அடிக்குது. ஹருவான்லா அப்பா!"

அன்று மிசஸ் லோ வழக்கத்தைவிடச் சீக்கிரமே மீனைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். தினமும் கட்டு மாற்றிய பிறகு மீன் வெட்டும் நான், அன்று மீனை முதலில் வெட்டிவிட்டு வந்திருந்தேன். சோப்புப் போட்டுக் கழுவியும் நகத்துக்குள் வாடை தங்கிவிட்டது. கையைக் கொண்டுபோய் என் மூக்கில் வைத்தேன். ஆமாம், மீன்.

வசந்திக்குச் சிரிப்பு பீறிட்டது. "ஐயோ, சிரிச்சா இழுக்குது, சிரிக்க வைக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். "ஆஸ்பத்திரிக்கு மட்டும் போயிருந்தோம்னா, அப்பா கைக்குத்தான் கல்ச்சர் எடுத்திருப்பாங்க!"

கமலாவும் சிரித்தாள். சிரித்தபடி, என்னைத் திட்டுவதற்காகத் திரும்பினாள். திரும்பியவள் ஜன்னல் வழியே புண்ணைப் பார்த்துவிட்டாள். நான் அவளைத் தாங்கப் பாதி எழுந்தேன். அவள் விழவில்லை. அருகில் வந்து குனிந்து பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள். "மாதுளை முத்து மாதிரி இருக்கு. நான் என்னமோ ஏதோன்னு நெனச்சு..."  அழுதாள். அவள் கண்ணீர் புண்ணில் விழுந்துவிடுமோ என்று நான் அவளைத் தள்ளி நிற்கச் சொன்னேன். அதற்கும் இருவரும் சிரித்தார்கள்.

நான் போய் நகத்தை வெட்டி, தூரிகையால் தேய்த்து, மறுபடி கழுவிவிட்டு வந்து கட்டு போட்டேன். எதற்கும் புண்ணைத் தொடும் நாளில் முதல் வேலை புண்ணாகவே இருக்கட்டும். சமையல் பிறகு. உண்மையிலேயே வாடை வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, சுற்றிலும் சூடாகிச் சிவந்தாலோ சிரித்துக்கொண்டு இருக்காதீர்கள். மருத்துவரிடம் போய்விடுங்கள். எங்கள் வீட்டில் அது மீனாக இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் கோலாலம்பூரில் டாக்டர் டான் தாளைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். ஆழத்தில் கிருமி இல்லை. மூட்டைத் தொட வேண்டியதில்லை. கட்டை அவிழ்த்துப் பார்த்து, யார் போட்டது என்று கேட்டார். மிஸ்ஸி பிலோமினா என்னைக் கைகாட்டி, "பாஸ்" என்றார்.

அதன் பிறகும் வாரக்கணக்கில் கட்டு மாற்றினோம். இப்போது கமலா என் பக்கம் நின்று பிளாஸ்டர் வெட்டிக் கொடுத்தாள். புண்ணுக்குள் போகும் நாடாத் துணி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. முதலில் என் விரல் நீளத்துக்குப் போனது பிறகு நகத்தளவு ஆனது. ஒரு காலை துணி உள்ளே போக மறுத்தது. நான் இடுக்கியைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன். இத்தனை நாளாக நான் நிரப்பி வந்த இடத்தை அவள் உடம்பு எனக்குத் தெரியாமல் உள்ளிருந்து நிரப்பியிருந்தது. மகிழ்ச்சிதான். கூடவே, ஒரு வேலை என் கையைவிட்டுப் போன உணர்வும் இருந்தது. இதை மறைத்து எழுத விருப்பமில்லை.

கமலா அந்தக் கைலியின் ஜன்னலை வேறொரு துண்டுத் துணி வைத்து மூடித் தைத்தாள். வசந்தி இப்போது அதைத்தான் உடுத்தித் தூங்குகிறாள். புண்ணிருந்த இடத்தில் அவள் உடம்பில் ஒரு வெளுத்த கோடு, கைலியில் ஓர் ஒட்டு.

அவள் மறுபடி போர்ட் கிள்ளானுக்கு வேலைக்குப் போகிறாள். மாலையில் செருப்புச் சத்தம் சீராகக் கேட்கிறது. ஆனாலும் அவள் கதவை எட்டும்வரை நான் ஒவ்வொரு அடியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முன்பு ஓர் ஆண்டு எப்படிப் போனதென்றே தெரியாது. இப்போது ஒவ்வொரு காலையாக எண்ணித்தான் போகிறது. விடிந்ததும் என் கை தானாகக் குழாயைத் தேடிப் போகிறது. முழங்கைவரை கழுவிய பிறகுதான், கட்டு மாற்ற எதுவும் இல்லை என்று நினைவு வருகிறது. தரையிலிருந்து எழும்போது என் இடது இடுப்பைப் பிடித்துக்கொள்கிறேன். அங்கே எனக்கு எந்த நோயும் இல்லை.

அடுத்த தீபாவளிக்குள் டாக்டர் ஓரளவு குனியலாம் என்று சொல்லிவிட்டார். இருந்தாலும் சாமி கும்பிட்ட பிறகு நான் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். திருநீற்றுத் தட்டு என் இடது கையில் இருந்தது. வசந்தி என் முன்னால் வந்தாள். நான் பயத்தில் ஓரடி பின்வாங்கினேன்.

"பயப்படாதீங்கப்பா. குனிய மாட்டேன்."

என் வலது கையை எடுத்து இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள். பிறகு அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

"இன்னும் லேசா மீன் வாடை அடிக்குது" என்றாள்.

கமலா சிரித்துக்கொண்டே திருநீற்றை எடுத்துப் பூசினாள், நான் பூச மறந்து நின்றதால். அன்று பலகாரம் சாப்பிட உட்காரும்வரை அந்தக் கையை நான் கழுவவில்லை.